ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

அமலனுக்குத் தலைவலி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வரும். மற்ற ஆறு நாளும் அந்தத் தலைக்குள் என்னென்னவோ நுழைந்து வெளியேறும், வலி மட்டும் எட்டிப் பார்க்காது.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் அவன் சூப்பர்வைசர். கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். ஏற்ற வேண்டிய பெட்டி எந்த அடுக்குக்கு அடியில் கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டிரெய்லர் டிரைவர்கள் வாசலில் நின்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு போன், கஸ்டம்ஸிலிருந்து ஒரு போன், கேஸ் தீர்ந்துவிட்டதென்று வீட்டிலிருந்து ஒரு போன். இத்தனைக்கும் நடுவில் அமலன் ஒரு கையில் வாக்கி டாக்கியும் மறு கையில் டீ கிளாஸுமாகக் குத்துக்கல் போல நிற்பான். ஒரு தும்மல்கூட வராது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கதையே வேறு. காலைப் பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வரும்போது நெற்றிப்பொட்டில் லேசாகத் தட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது சுத்தியலாகிவிடும். அப்புறம் அமலன் அறைக்குள் போவான், திரையை இழுத்துவிடுவான், நனைத்த துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு மல்லாந்துவிடுவான். வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது, டிவி போடக்கூடாது, குசினியில் கரண்டி கீழே விழக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிவாக்கில்தான் எழுந்து உட்கார்ந்து, ஏதோ பெரிய பிரசவம் முடிந்தவன் மாதிரி எல்லோரையும் பார்ப்பான். திங்கட்கிழமை யார்டுக்குப் போய்விட்டால் வலி போன இடம் தெரியாது.

வாரநாளில் வருகிற நோய்க்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. லீவு நாளில் வருகிற நோயை யாரும் நம்புவதில்லை. அமலனின் மாமியார் சுத்தமாக நம்பவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு மாமியார் வீட்டில் என்பது கல்யாணமான நாளிலிருந்து உள்ள ஏற்பாடு. மாமி சீலா மீனும் நண்டுமாக ஆக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் பிளாரன்ஸும் பேத்தி ஷெர்லினும் மட்டும் வருவார்கள். சில வாரம் அதுவும் கிடையாது, போன்தான் வரும்.

"ஆபீசுக்குப் போற அன்னைக்கு வராத தலவலி, மாமியா வீட்டு மீனக் கண்டதும் வருதோ?" என்று மாமி தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

நோய்க்கு மரியாதை கிடைக்காவிட்டாலும் வைத்தியத்துக்குக் குறைவில்லை. யார்டில் அமலனோடு வேலை பார்க்கும் சுடலைக்கண்ணன், அது ஒற்றைத் தலைவலிதான், தன் மச்சினிக்கும் அப்படியே இருந்தது என்று அடித்துச் சொன்னான். "ரெண்டு பக்கமும் வலிக்குலே" என்றான் அமலன். "அப்ப ரெண்டு ஒற்றைத் தலவலி" என்றான் சுடலைக்கண்ணன். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் சைனஸ் என்றார், அவருக்கு ஊரில் எல்லோருக்கும் சைனஸ். கண்ணாடிக் கடையில் கண் பவர் என்றார்கள், கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். வலி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது. மாமி மட்டும் தன் சந்தேகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பித்தமாக இருக்கும், இந்தப் பாழாய்ப்போன டீயைத் தொடவே கூடாது என்று சொல்லி, வாராவாரம் சுக்குமல்லிக் காப்பி போட்டுத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள். அமலனும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க டீயை விலக்கிவைத்து, அந்தச் சுக்குத் தண்ணீரை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். மாமிக்காக அவன் செய்த தியாகங்களில் அது ஒன்று என்று அவனுக்கு நினைப்பு.

இப்படியே ஒரு ஆயுள் முழுக்க ஓட்டியிருப்பான். ஷெர்லினுக்குப் புதுநன்மை கொடுப்பதற்குப் பங்குக் கோயிலில் நாள் குறித்தார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

புதுநன்மை என்றால் சின்ன விஷயமில்லை. பிள்ளை பூசையில் முதல்முதலாக நற்கருணை அப்பம், அதாவது நன்மை, வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் அப்பா அம்மா, பின்னாலேயே கேமராக்காரர். வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விருந்து. ஷெர்லின் கவுனுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, என் பொறந்தநாளுக்கு நீங்க படுத்துட்டீங்க."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா மக்கா."

"ஆண்டுவிழா டான்ஸுக்கும் வரல. அதுவும் ஞாயித்துக்கிழமதான்." அவள் தட்டிலிருந்த ஒரு பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டே கேட்டாள். "புதுநன்மைக்கும் படுத்துருவீங்களா? அப்படின்னா இப்பவே சொல்லிருங்க. நான் மாமாவக் கூட நிக்கச் சொல்லிக்கிடுதேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் அமலன் தாங்கியிருப்பான். அவள் பஸ் வருமா வராதா என்று விசாரிப்பது போலக் கேட்டாள். அந்த நாளில் எப்பாடுபட்டாவது தான் நின்றே ஆகவேண்டும், மகளுக்குப் பக்கத்தில் மச்சினனை நிற்கவிடக்கூடாது என்று அங்கேயே தீர்மானித்தான்.

தீர்மானித்தவன் முதலில் செய்த காரியம், எல்லோரும் செய்கிற காரியம்தான். போனில் தேடினான். பத்து நிமிடத்தில் உலகத்திலுள்ள தலைவலிக்கெல்லாம் ஒரே காரணம்தான் என்று அவனுக்குத் தெளிவாகிவிட்டது: ஸ்ட்ரெஸ். கோட்டுப் போட்ட ஒருவர் வீடியோவில் வந்து, உங்களுக்கு மன அழுத்தம் தருவது எது என்று கண்ணை மூடி யோசியுங்கள், முதலில் தோன்றும் முகம்தான் விடை என்றார். அமலன் கண்ணை மூடினான். மாமியாரின் முகம் வந்தது.

கன்டெய்னர் யார்டு வரவில்லை பாருங்கள். ஹாரன் வரவில்லை, கஸ்டம்ஸ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு காத்திருக்கும் மாமியார்தான் வந்தாள். வாரத்தில் ஒரு நாள் மாமியார் வீடு, வாரத்தில் ஒரு நாள் தலைவலி. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது அதைச் சந்தேகப்பட அவனுக்கு மனம் வரவில்லை.

"ஏளா பிளாரன்ஸ், தப்பா நெனைக்காத. உங்க அம்மாதான் எனக்கு ஸ்ட்ரெஸ்."

பிளாரன்ஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "எங்கம்மா வீட்டுக்கு நீங்க கடைசியா வந்தது எப்ப?"

"வரலன்னா என்ன, வரணுமேங்குற நெனப்பு இருக்கில்ல? அதான் ஸ்ட்ரெஸ்."

"சரி. இனிமே வரவே வேண்டாம். நெனைக்கவும் வேண்டாம். எங்கம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். பாப்போம், தலவலி எங்கன போவுதுன்னு."

மாமியிடம் அவள் என்ன சொன்னாளோ தெரியாது, தூக்குச்சட்டி வருவது நின்றுபோனது. அடுத்த ஞாயிறு அமலன் சுதந்திர மனிதனாகக் கண்விழித்தான். மாமி இல்லை, மீன் இல்லை, சுக்கு இல்லை. நெஞ்சில் ஒரு பாரமும் இல்லாமல் பூசைக்குப் போனான். பாட்டெல்லாம் சேர்ந்து பாடினான். வெளியே வந்து செருப்பை மாட்டக் குனிந்தபோது நெற்றிப்பொட்டில் 'டொக்' என்றது.

அதற்கடுத்த வாரமும் வந்தது. மாமி இதில் குற்றவாளி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அமலனுக்கு அந்த இரண்டாவது வாரமும் தேவைப்பட்டது. புதுநன்மைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷெர்லின் வேறு, மாமாவின் பேன்ட் சட்டைக்கும் தன் கவுனுக்கும் கலர் பொருந்துமா என்று அம்மாவிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் துண்டை நெற்றியிலிருந்து எடுத்ததும் அமலன் சொன்னான்: "டாக்டர்ட்டயே போவோம்."

மில்லர்புரத்தில் டாக்டர் ஜெபசுதாவின் கிளினிக். நாசரேத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார் என்று பெயர். அமலன் தன் வலியை விவரிக்கத் தொடங்கினான். சுத்தியல், சம்மட்டி, ரீச் ஸ்டாக்கர் என்று யார்டிலுள்ள எல்லா இயந்திரத்தையும் தலைக்குள் கொண்டுவந்தான். டாக்டர் முழுதும் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் டார்ச் அடித்தார், கழுத்தைக் குனியச் சொன்னார்.

"வாந்தி வருமா? வெளிச்சத்தப் பாத்தா கண் கூசுமா?"

"வாந்தி இல்ல. வெளிச்சம்… சும்மா இருக்கட்டுமேன்னு தெரைய இழுத்து விட்டுருவேன்."

"சளி, மூக்கடைப்பு? குனிஞ்சா கன்னம் கனக்குதா?"

"இல்ல மேடம்."

"திடீர்னு இடி விழுந்த மாதிரி வந்திருக்கா? காய்ச்சலோட? பார்வை மங்குறது, கை கால் மரத்துப்போறது, பேச்சுக் குழறுறது?"

"அய்யய்யோ, இல்ல."

"நல்லது. அப்படி வந்தா இங்க வரக்கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தலவலிங்கறது ஒண்ணு இல்ல சார், அது ஒரு பெரிய குடும்பம். மைக்ரேன்னா பெரும்பாலும் ஒரு பக்கமா துடிக்கும், ஆளப் படுக்கவச்சிரும். சைனஸ்னா சளியோட சேந்து வரும். ரொம்பப் பேருக்கு இருக்கறது டென்ஷன் தலவலி. தலையச் சுத்தி இறுக்கிக் கட்டுன மாதிரி, விண்ணுவிண்ணுன்னு தெறிக்காது, லேசா இருந்துக்கிட்டே இருக்கும். தலவலிக்குன்னு அடிக்கடி மாத்திர முழுங்கி, அந்த மாத்திரையாலேயே வர்ற தலவலிகூட உண்டு. உங்களது எந்தப் பிள்ளைன்னு பாப்போம். ஏதாவது பழக்கம் உண்டா?"

அமலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல. "கிடையவே கிடையாது மேடம். சிகரெட் இல்ல, தண்ணி இல்ல, பாக்கு இல்ல. ஒரே ஒரு டீ."

"ஒரு நாளைக்கு ஒரு டீயா?"

"ஒரே ஒரு டீன்னா… டீ மட்டுந்தான்னு சொன்னேன். அது ஒரு நாலஞ்சு இருக்கும்."

டாக்டர் கூட வந்திருந்த பிளாரன்ஸைப் பார்த்தார். பிளாரன்ஸ், வீட்டில் குடிப்பது எனக்குத் தெரியும், யார்டில் நடப்பது எனக்குத் தெரியாது என்ற முகத்தோடு இருந்தாள். "கூட வேலை பாக்குறவங்க யாருக்காவது போன் போடுங்களேன்" என்றார் டாக்டர். அமலன் போட்டான். டாக்டரே கேட்க, ஸ்பீக்கரில் சுடலைக்கண்ணன் ஹாரன் சத்தங்களுக்கு மேலே கத்தினான்.

"அண்ணனா? அண்ணன் குடிக்கிறத யாரு எண்ணுனா? செல்வதுரை அண்ணாச்சி கடையில இருந்து பிளாஸ்க்கு வரும், தீந்தா அடுத்த பிளாஸ்க்கு வரும். கப்பல் நேரம்னா அண்ணன் கையில கிளாஸ் இல்லாமப் பாத்ததே இல்ல மேடம். நாங்க அண்ணன அடையாளம் கண்டுபிடிக்கறதே அத வச்சித்தான்."

அமலன் அவசரமாகப் போனை அணைத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிய இடத்தில் கன்னம் மட்டும் லேசாகக் குழிந்தது.

"ஞாயித்துக்கிழம எத்தன டீ?"

"ஞாயித்துக்கிழம டீயே கிடையாது மேடம்."

"ஏன், அண்ணாச்சி கட லீவா?"

"பூசைக்குப் போவணும்ல. நன்மை வாங்குறதுக்கு முன்னால ஒருசந்தி, பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. எங்க அப்பா காலத்துல இருந்தே எங்க வீட்ல அப்படித்தான். காய்ச்சல்ல கெடந்தாலும் நான் மீறுனதில்ல." சொல்லும்போதே அவன் குரலில் ஒரு கம்பீரம் ஏறியது. "பூச முடிஞ்சு வந்தா தலவலி. தலவலியோட எப்படி டீ குடிக்க? பித்தம்னுல்லா சொல்லுதாங்க. சுக்குக் காப்பிதான்."

"அதுல காப்பித்தூளே கிடையாதே" என்றார் டாக்டர். "அப்போ சனிக்கிழமை சாயங்காலம் கடைசி டீ. அதுக்கப்புறம் அடுத்தது?"

"திங்கக்கிழம காலைல." சொன்ன பதில் அவன் காதிலேயே விழுந்துவிட்டது.

"ஆறு நாள் பிளாஸ்க்கு பிளாஸ்க்கா ஊத்துறீங்க. ஏழாவது நாள் பைப்ப அடச்சிர்றீங்க. உங்க தலைக்கு ஒண்ணும் வியாதி இல்ல சார், டீயத் தேடுது. அவ்வளவுதான்."

ஆறுதலாக இருக்கவேண்டிய இடத்தில் அமலனுக்குச் சற்று அவமானமாக இருந்தது. இத்தனை காலம் இருட்டறையில் கிடந்து பட்ட பாட்டுக்கு ஒரு கௌரவமான ஆங்கிலப் பெயராவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். "அப்ப ஸ்ட்ரெஸ் இல்லையா மேடம்?" என்றான், கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிவிட்டது போல.

"யாரு இல்லன்னா? அவ்வளவு டீ எதுக்குக் குடிக்கிறீங்க? நாள் முழுக்க ஹாரன், போன், கப்பல். டீதான் உங்கள நிமித்தி வச்சிருக்கு. ஆறு நாள் இறுக்கிப் பிடிச்ச உடம்ப ஒரே நாள்ல பொத்துன்னு கீழ போட்டா அதுவே சிலபேருக்குத் தலவலியக் கொண்டுவரும், அது வேற. டீயக் கொஞ்சங்கொஞ்சமாக் கொறைங்க, ஒரேயடியா நிறுத்தாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தூங்குங்க, தண்ணி குடிங்க. ஞாயித்துக்கிழம காலைலயும் ஒரு டீ குடிங்க."

"நன்மைக்கு முன்னாலயா?" அமலன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "ஏளா, நீயே சொல்லு. அது முடியுமா?"

பிளாரன்ஸ் கிளினிக் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதில் அந்த மாதம் என்ன என்பதை மிகவும் கவனமாகப் படித்தாள். "நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால நிறுத்துனாப் போதும்னு எப்பவோ மாத்தியாச்சு. தண்ணிக்கும் மருந்துக்கும் அதுவுங் கிடையாது. சாமியார் பிரசங்கத்துலயே சொன்னாரு. அன்னைக்கு நீங்க தலையப் பிடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப நீ?"

"நான் அஞ்சரைக்கே காப்பி குடிச்சிருவேன்."

"எத்தன வருசமா?"

"கல்யாணத்துக்கு முன்னால இருந்தே. நீங்க அவ்வளவு பெருமையா ஒருசந்தி இருக்கும்போது நான் எப்படிச் சொல்ல?"

இந்த முறை டாக்டர் சிரித்தேவிட்டார்.

அமலன் அதோடு விடவில்லை. பங்குச் சாமியார் ஆன்றோ அடிகளிடமும் போய்க் கேட்டான். "நான் குருமடத்துல சேருறதுக்கு முன்னாலயே மாறிப்போன சட்டம் அமலா" என்றார் அவர். "ஆனா நீ இருந்த ஒருசந்தி வீண்போகாது. தலவலியோட சேத்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கேல்ல?" ஒப்புக்கொடுத்ததாக அமலனுக்கு நினைவில்லை. திட்டிக்கொண்டிருந்ததாகத்தான் நினைவு.

அடுத்த ஞாயிறு விடிகாலை, குசினி மேசையில் பிளாரன்ஸ் காப்பியோடும் அமலன் டீயோடும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது அவன் கூரையைப் பார்த்தான். இடி ஒன்றும் விழவில்லை. பூசை முடிந்து, செருப்பை மாட்டக் குனிந்து, அப்படியே குனிந்தபடி கொஞ்சநேரம் காத்திருந்தான். 'டொக்' வரவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பு வாரில் ஏதோ சிக்கல் என்று பிளாரன்ஸிடம் சொன்னான்.

புதுநன்மை நாளும் வந்தது. வெள்ளைக் கவுனில் ஷெர்லின் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நடக்க, வலது பக்கம் அமலன் நிமிர்ந்து நடந்தான். அவ்வளவு நிமிர்ந்து நடக்கவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் நடந்தான். நற்கருணை வாங்கித் திரும்பிய பிள்ளை கண்ணை மூடி ஜெபிக்கவேண்டிய நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து அப்பா இருக்கிறாரா என்று பார்த்தது. இருந்தார். பிள்ளை திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

மதியம் வீடு நிறைந்தது. மொட்டைமாடியில் பந்தல், கீழே கூடத்தில் பெரியவர்களுக்குப் பந்தி. பன்னிரண்டு மணிக்கு அமலன் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்ததைச் சொந்தக்காரர்கள் ஒரு அதிசயம் போல வந்து வந்து பார்த்தார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் கேட்டதையெல்லாம் வைத்துக்கொண்டு கூடத்தில் ஒரு கிளினிக்கே திறந்துவிட்டான். "குனிஞ்சா கனக்குதா? அப்ப ஒங்களுக்கு சைனஸ் சித்தப்பா." "ஒரு பக்கமா? வாந்தி உண்டா? அத மைக்ரேன்னு சொல்லணும்." "ஒரு நாளைக்கு எத்தன டீ? மறைக்காமச் சொல்லணும்." நேற்றுவரை துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தவன், இன்று ஒவ்வொரு தலையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். மாமி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மருமகன் ஒரு வழியாகத் தன் கண்ணெதிரே சாப்பாட்டு நேரத்தில் நிற்பதை உள்ளூர ரசித்துக்கொண்டிருந்தாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தண்ணீர் ஜாடி காலியாகிவிட்டதென்று அமலன் குசினிக்குள் போனான். அங்கே பிளாரன்ஸ் ஃபிரிட்ஜ் கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள். புதுப் பட்டுச்சேலை, தலையில் பூ. கையில் பச்சடிப் பாத்திரத்தைச் சாயாமல் பிடித்திருந்தாள்.

"என்னளா?"

"ஒண்ணுமில்ல. சில்லுன்னு இருக்கு. ஜாடியத் தாங்க."

"தல வலிக்கா?"

"அது எப்பவும் உள்ளதுதான்." அவள் ஜாடியை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.

"எப்பவும்னா?"

"சாயங்காலமானா வரும். ஞாயித்துக்கிழமன்னா மத்தியானமே வந்துரும். சேலையக் கிழிச்சுத் தலையச் சுத்தி இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்கும். அதப் பாத்தா முடியுமா? வேல ஓடுதுல்ல."

"எத்தன நாளா?"

பிளாரன்ஸ் யோசித்தாள். குற்றம் சொல்கிற யோசனை இல்லை, உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தாள். "நீங்க ஞாயித்துக்கிழம படுக்க ஆரம்பிச்சதுல இருந்துன்னு நெனைக்கேன்."

"அன்னைக்கு டாக்டர் முன்னாலதானளா இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு ஒங்க தலவலிக்குல்லா போனோம்" என்றாள் அவள்.

ஜாடி நிறைந்து வழிந்தது. அமலன் குழாயை மூடினான். கூடத்திலிருந்து யாரோ "ஏளா பிளாரன்ஸ், தால்சா!" என்று கூப்பிட்டார்கள். மாடியிலிருந்து "பிளாரன்ஸ் அக்கா, எலை போதல!" என்றது ஒரு குரல். "அம்மா, கிரீடம் குத்துது!" என்றாள் ஷெர்லின். மூன்றுக்கும் சேர்த்து "இந்தா வாரேன்" என்றாள் பிளாரன்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டில் எப்படி இருக்கும் என்பதே அமலனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாராவாரம் அந்த நேரத்தில் வீடு தானாகவே அமைதியாக இருப்பதாக இருட்டுக்குள் படுத்துக்கொண்டு நினைத்திருந்தான். பிள்ளையை அடக்கி, வந்தவர்களை வாசலோடு பேசி அனுப்பி, மாமியிடம் போனில் பொய் சொல்லி, கரண்டி விழாமல் சமைத்து, யாரோ ஒருத்தி அந்த அமைதியை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் தலையைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியிருக்கிறான். அவளிடம் ஒருநாள்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை.

"போய்ப் படு" என்றான்.

"வெளையாடாதீங்க. பந்தி நடக்கு."

"நடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு டாக்டர்ட்ட போறோம், ஒனக்கு மட்டும். இப்ப போய்ப் படுளா." பச்சடிப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கவேண்டியிருந்தது. அறைக்குக் கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டான். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, தயிர் ஃபிரிட்ஜில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, ஐஸ்கிரீம் ஸ்பூன் மேல் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டாள்.

அமலன் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையில் பச்சடியும் மறு கையில் தண்ணீருமாகக் கூடத்துக்கு வந்தான்.

"பிளாரன்ஸ எங்க?" என்று கேட்டாள் மாமி.

"உள்ள படுத்திருக்கா மாமி. தலவலி."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நோய் புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்குத் தாவிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "அவளுக்கு எதுக்குத் தலவலி? இன்னைக்கு வர வாயத் தொறந்து சொன்னதில்லயே. அவளுக்கு என்ன கொற?"

"கொறயா?" அமலன் பந்தியை ஒரு முறை பார்த்தான், பிறகு மாமியைப் பார்த்தான். "தலவலி குடுக்க நாம இத்தன பேரு இருக்கோமே மாமி. இதுல நாந்தான் மொத ஆளு."

மாமி சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள், மருமகன் கையிலிருந்த பச்சடிப் பாத்திரத்தை வாங்கினாள். "ஏலே, சத்தங்காட்டாமச் சாப்பிடுங்கலே!" என்று மொட்டைமாடி வரை கேட்கும்படி கத்தினாள். "எம் பிள்ளைக்குத் தலவலி!"

பந்தி அடங்கியது. அமலன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான்.